பழைய சாமான் லாரியில் ஏற்றும் முன்: நம் வீட்டுக் கண்ணாடி, வெள்ளி, பீங்கான் பொருள்களை அறிந்துகொள்வோம்

லாபிஸ் – தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமான் வீட்டுக்குக் குடிபோகும்போது சாமான்கள் இரண்டாகப் பிரியும். தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, மெத்தை, சாமிப் படங்கள் எல்லாம் நம்மோடு வரும். தாத்தா காலத்துச் சோடா பாட்டில், பூப்போட்ட பீங்கான் தட்டு, கறுத்துப்போன குங்குமச் சிமிழ், ஒரு கோணி நிறையப் பால்மங்கு இவையெல்லாம் பழைய சாமான் வாங்க வருபவரின் லாரியில் ஏறும். எடைக்கு என்ன கொடுத்தாலும் சரி, இடம் காலியானால் போதும் என்று நினைப்போம்.

அந்தக் குவியலில் பெரும்பாலானவை சாதாரணப் பொருள்கள்தாம். ஒன்றிரண்டு அப்படி இல்லாமல் இருக்கலாம். விலை மதிப்பு இருக்கலாம், அல்லது விலையே இல்லாவிட்டாலும் நம் குடும்பம் இந்த மண்ணுக்கு வந்த கதைக்கு அதுவே கடைசிச் சாட்சியாக இருக்கலாம். லாபிஸ், சாஆ, பெக்கோக், சிகாமட் வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இடிந்தன, பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அக்காலத்துக்குச் சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பவை இந்தச் சின்னச் சாமான்களே.

எது பழையது, எது போலி, எப்படிப் பாதுகாப்பது, விற்பதானால் எதைக் கவனிப்பது, சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இவை நம் வீட்டுக்கு வந்த வழிகள்

தோட்டத்து வீட்டில் ஏது வெள்ளியும் பீங்கானும் என்று சிலர் கேட்கலாம். வந்த வழிகள் நான்கு.

முதலாவது, கப்பல் வழி. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜுலா’ கப்பலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தகரப் பெட்டிக்குள் சேலைக்கு நடுவே வெள்ளிச் சிமிழ், சந்தனக் கிண்ணம், கொலுசு, பழைய ரூபாய்க் காசு என்று கொஞ்சம் வந்து சேர்ந்தது.

இரண்டாவது, பட்டணத்துக் கடை. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 1909ஆம் ஆண்டு ரயில் பாதை முழுமையானதும் பாதையோரச் சிற்றூர்களுக்குச் சரக்கு எளிதாக வரத் தொடங்கியது. சம்பள நாளில் டவுனுக்குப் போனவர்கள் சீனர் கடையில் சேவல் படம் போட்ட கிண்ணம், பூப்போட்ட காப்பிக் கோப்பை, அரிக்கேன் விளக்கு, கண்ணாடி ஜாடி ஆகியவற்றை வாங்கி வந்தார்கள்.

மூன்றாவது, துரை பங்களா. வெள்ளைக்கார நிர்வாகிகள் நாடு திரும்பியபோது எடுத்துச் செல்ல முடியாத தட்டு, கரண்டி, கண்ணாடிக் குவளை, பூச்சாடி ஆகியவற்றைச் சமையல்காரருக்கோ ஆயாவுக்கோ தோட்டக்காரருக்கோ கொடுத்துவிட்டுப் போனதுண்டு. இங்கிலாந்து முத்திரையுள்ள தட்டு லயத்து வீட்டு அலமாரியில் இருப்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

நான்காவது, தோட்ட வேலை தந்த பொருள். அதில் முதலிடம் பால்மங்குக்கு.

பால்மங்கு: நாம் மதிக்காத நம் பீங்கான்

மரத்தில் கட்டித் தொங்கிய மங்கை அழகுப் பொருளாக யாரும் நினைத்ததில்லை. விடியுமுன் மரம் வெட்டி, வெயில் ஏறியதும் பால் எடுத்து, மங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவது அன்றாட வேலை. பள்ளி விடுமுறையில் அம்மாவுடன் போய் மங்கு துடைத்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள்.

மங்கு செய்யப்பட்ட விதத்தைப் பாருங்கள். உட்புறத்தில் கண்ணாடி போன்ற மெருகு பூசிச் சுட்டிருப்பார்கள். மிஞ்சிய பால் காய்ந்து ஒட்டுப்பால் ஆனதும் அதை ஒரே இழுப்பில் உரித்து எடுக்க அந்த மெருகு உதவியது. மெருகு இல்லாத மண் பாத்திரமாக இருந்தால் பால் துளைகளில் ஏறிப் பிடித்துக்கொள்ளும், சுத்தம் செய்ய முடியாது. கண்ணாடி மங்கும் இருந்தது. பிறகு பிளாஸ்டிக் வந்ததும் இரண்டும் ஒதுங்கின.

1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பர்த் தோட்டம் போட்டார். அதன்பின் லட்சக்கணக்கான மரங்களுக்கு லட்சக்கணக்கான மங்கு தேவைப்பட்டது. அவற்றைச் சுட்டுக் கொடுத்தவர்கள் தென்சீனாவிலிருந்து வந்த குயவர்கள். மலைச் சரிவில் நீளமாகக் கட்டப்பட்ட அவர்களின் சூளைக்கு ‘டிராகன் சூளை’ என்று பெயர். கீழ் முனையில் விறகைப் போட்டால் நெருப்பும் வெப்பமும் மேல் முனைவரை ஏறும். ஒரே சூட்டில் ஆயிரக்கணக்கான பாத்திரங்கள் வெந்துவிடும்.

சிங்கப்பூரின் ‘தௌ குவாங்’ டிராகன் சூளை 1940இல் கட்டப்பட்டது. ரப்பர் மங்கு, பூந்தொட்டி, தண்ணீர் ஜாடி ஆகியவற்றைச் சுட்ட அந்தச் சூளை இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். நம் மாநிலத்தில் லாபிஸிலிருந்து யோங் பெங் வழியாகத் தெற்கே போனால் ஆயர் ஹீத்தாம், மாச்சாப் வட்டாரம் பீங்கானுக்கும் மட்பாண்டத்துக்கும் பெயர் பெற்றது. நெடுஞ்சாலையோரக் கடைகளில் பூச்சாடி அடுக்கி வைத்திருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருப்போம்.

ஆக, ஒரு மங்கில் தமிழரின் உழைப்பும் சீனக் குயவரின் கையும் ஜொகூர் மண்ணும் சேர்ந்திருக்கின்றன. பெயரிலும் அந்தக் கலப்பு உண்டு. மலாய்க்காரர்கள் ‘மங்குக்’ என்று சொல்லும் சொல்லைத்தான் நாம் ‘மங்கு’ ஆக்கிக்கொண்டோம். இப்போது செடி வைக்கவும் மெழுகுவர்த்தி ஏற்றவும் பழைய மங்கைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோணியோடு கொடுத்துவிடாமல், பழுதில்லாத பத்து மங்கையாவது எடுத்து வையுங்கள்.

பீங்கானைப் படிப்பது எப்படி?

பீங்கான் பொருளைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பாகம். முன்பக்கப் பூவும் தங்கக் கோடும் அழகைச் சொல்லும். அடியிலிருக்கும் முத்திரைதான் வயதைச் சொல்லும்.

அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1891இல் நடப்புக்கு வந்தது. அதனால் ஏற்றுமதிப் பீங்கான்களில் நாட்டுப் பெயர் பொறிப்பது பரவியது. வெறும் ‘இங்கிலாந்து’ என்றிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றிருந்தால் பொதுவாக 20ஆம் நூற்றாண்டு. ஜப்பானியப் பொருளில் ‘நிப்பான்’ என்றிருந்தால் 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. ‘ஆக்குப்பைட் ஜப்பான்’ என்றிருந்தால் போருக்குப் பின் அமெரிக்கப் படை அங்கிருந்த காலம், அதாவது 1952 வரை. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் 1918க்குப் பிந்தியது. ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில். ‘மேட் இன் மலாயா’ என்றிருந்தால் பெரும்பாலும் 1963 செப்டம்பரில் மலேசியா உருவாவதற்கு முந்தியது. ‘மைக்ரோவேவில் வைக்கலாம்’ என்று அச்சிட்டிருந்தால் யார் என்ன கதை சொன்னாலும் அது பழம்பொருள் இல்லை.

இரண்டாவது சோதனை வெளிச்சம். கைப்பேசி விளக்கைத் தட்டின் பின்னால் பிடியுங்கள். உண்மையான பீங்கானில் ஒளி ஊடுருவும், விரல் நிழல் தெரியும். மண்ணாலான பாத்திரத்தில் ஒளி வராது. எலும்புச் சாம்பல் கலந்து செய்யும் ‘போன் சைனா’ இன்னும் மெல்லிய வெண்மையாக ஒளிரும்.

மூன்றாவது காந்தம். நம் வீடுகளில் நீல விளிம்பு வைத்த வெள்ளைத் தட்டும் பூப்போட்ட அடுக்குச் சட்டியும் இருக்கும். பலர் அதையும் பீங்கான் என்பார்கள். காந்தம் ஒட்டினால் அது இனாமல், இரும்பின்மேல் கண்ணாடிப் பூச்சு. இதையும் சேகரிப்பவர்கள் உண்டு. ஆனால் பீங்கான் என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று.

நான்காவது, விரலால் தடவிப் பார்ப்பது. கையால் தீட்டிய பூவில் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். இரண்டு கிண்ணத்துச் சேவல் ஒரே மாதிரி இராது. அச்சுப் படம் ஒட்டியதில் எல்லாச் சேவலும் ஒரே சேவல். தென்சீனாவில் தொடங்கிய இந்தச் சேவல் கிண்ணம் பிறகு தாய்லாந்தின் லம்பாங்கிலும் செய்யப்பட்டது, இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். சேவல் இருப்பதாலேயே கிண்ணம் பழையதாகிவிடாது.

பழைய பீங்கான் எவ்வளவு தூரம் பயணப்பட்டது என்பதற்கு நம் கடலிலேயே சான்று உண்டு. 1817ஆம் ஆண்டு மார்ச் மாதம் சீனாவின் கன்டனிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த ‘டயானா’ என்ற கப்பல் மலாக்காவுக்கு அருகே மூழ்கியது. 1990களின் தொடக்கத்தில் அதைக் கண்டுபிடித்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான்களை மேலே கொண்டுவந்தார்கள். 1995இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அவற்றை ஏலம் விட்டது. சென்னைச் சந்தைக்குப் போக வேண்டிய தட்டுகள் 178 ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் விலைபோயின. ஏலத்தில் போன ஒவ்வொரு தட்டுக்கும் எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எங்கே மூழ்கியது என்ற சான்று இருந்தது. விலையைத் தூக்கிவிடுவது அந்தச் சான்றுதான்.

கண்ணாடி: கோலி சோடாவிலிருந்து பச்சை ஒளி வரை

கண்ணாடிப் பொருளில் முத்திரை குறைவு, உருவமே சாட்சி. பாட்டிலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு ஓடும். அது அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம். அந்தக் கோடு வாய்விளிம்பு வரை ஏறியிருந்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் செய்தது. தானியங்கிப் பாட்டில் இயந்திரம் 1903இல் அமெரிக்காவில் வந்தது. கோடு கழுத்திலேயே நின்று வாய் மட்டும் தனியாக ஒட்டியதுபோல் இருந்தால் அதற்கு முந்தைய கைவேலையாக இருக்கலாம். உள்ளே காற்றுக் குமிழி, சமமில்லாத அடிப்பாகம், லேசான பச்சை நிறம் ஆகியவையும் பழமையைக் காட்டும். குமிழி மட்டும் இருப்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது. புதுப் பொருளிலும் வேண்டுமென்றே குமிழி விடுகிறார்கள்.

கோலிக் குண்டு போட்ட சோடா பாட்டிலை நாம் கோலி சோடா என்கிறோம். 1870களில் இங்கிலாந்தின் ஹைரம் காட் கண்டுபிடித்தது அது. சோடாவின் காற்றழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கும். பிள்ளைகள் கோலிக்காகவே பாட்டிலை உடைத்ததால் முழுசாகக் கிடைப்பது அரிது. அடுத்தது எஃப் அண்ட் என் பாட்டில். 1883இல் சிங்கப்பூரில் ஜான் ஃபிரேசரும் டேவிட் நீவும் தொடங்கிய சோடா வணிகம் அது. எழுத்து புடைத்து நிற்கும் பழைய பாட்டில்களைக் கழுவி வையுங்கள். காகிதம் ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், காகிதத்தில்தான் விவரம் இருக்கும்.

மஞ்சள் கலந்த பச்சை நிறக் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால், கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை அதன்மேல் காட்டுங்கள். பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அதில் சிறிதளவு யுரேனியம் கலந்திருக்கலாம். ஒரு காலத்தில் நிறத்துக்காக அப்படிச் சேர்த்தார்கள். அலமாரியில் வைத்துப் பார்ப்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதில் உணவோ பானமோ வைக்க வேண்டாம்.

பளபளவென்று கனமாக, தட்டினால் மணிபோல ஒலிக்கும் கண்ணாடி ஈயம் கலந்ததாக இருக்கும். ‘லெட் கிரிஸ்டல்’ என்று விற்கப்படுவதில் 24 விழுக்காடு அல்லது அதற்கும் மேல் ஈய ஆக்சைடு உண்டு. ஊறுகாய், எலுமிச்சைச் சாறு, புளித்த பானங்களை அதில் போட்டு வைத்தால் ஈயம் இறங்கும். பழைய பீங்கானின் வண்ணப் பூச்சுக்கும் இதே எச்சரிக்கை. பழம்பொருள் பார்ப்பதற்கு, பரிமாறுவதற்குப் புதுப் பாத்திரம்.

வெள்ளி: பெயருக்குள்ளேயே கதை

இந்த நாட்டில் நாம் பணத்தையே வெள்ளி என்கிறோம். பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளி என்று சொல்லும் பழக்கம், காசு உண்மையிலேயே வெள்ளியில் அடிக்கப்பட்ட காலத்தில் வந்தது. நீரிணைக் குடியேற்ற டாலர் 1903இல் வந்தபோது அது வெள்ளி நாணயம். ஊரிலிருந்து வந்த பழைய ஒரு ரூபாயும் அப்படித்தான், 11.66 கிராம் எடை, அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 92 பங்கு வெள்ளி. 1940க்குப் பிறகு வெள்ளி பாதியாகக் குறைந்தது, 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல்தான். பாட்டியின் சுருக்குப் பையில் ரூபாய் கிடைத்தால் ஆண்டைப் பாருங்கள். தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். தேய்த்த நாணயத்துக்குச் சேகரிப்பாளர் குறைத்துத்தான் கொடுப்பார்.

வெள்ளிப் பொருளில் ‘925’ என்றிருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. இங்கிலாந்துப் பொருளில் நடக்கும் சிங்கம் முத்திரை அதே தரத்தைக் குறிக்கும். கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காம் நகரம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். ‘இ.பி.என்.எஸ்.’ என்ற நான்கு எழுத்தைக் கண்டால் அது வெள்ளிப் பொருள் அல்ல. நிக்கல் கலவையின்மேல் மின்முறையில் வெள்ளி முலாம் பூசியது. பங்களாவிலிருந்து வந்த கரண்டி, தட்டுகளில் இது அதிகம். ‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் பெயரில் மட்டுமே வெள்ளி. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது.

நம் ஊர்த் தட்டார் செய்த சிமிழ், பன்னீர்ச் சொம்பு, கால் தண்டை ஆகியவற்றில் முத்திரையே இராது. முத்திரை இல்லை என்பதால் போலி என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். நகைக் கடையில் உரசிப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கருவியில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே ஒரு சிறு சோதனை உண்டு: ஒரு பனிக்கட்டியை அதன்மேல் வைத்தால் வெள்ளியில் மிக வேகமாக உருகும், ஏனென்றால் வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களில் வெள்ளியே முதலிடம். செம்பும் ஏறக்குறைய அப்படியே என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

பழைய வெள்ளி நம் வீடுகளில் குறைவாக இருக்கக் காரணம் உண்டு. 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் அரிசிக்கும் மருந்துக்கும் மரவள்ளிக்கும் கை மாறியவை ஏராளம். அதற்குப் பின்னும் பிள்ளைப் பேறு, படிப்பு, கல்யாணம் என்று உருக்கப்பட்டவை ஏராளம். அத்தனையும் தாண்டி ஒரு சிமிழ் மிஞ்சியிருக்கிறது என்றால், அதைக் காப்பாற்ற யாரோ ஒரு பெண் பசியைத் தாங்கியிருக்கிறாள் என்று பொருள்.

செட்டிநாடும் கம்போங் செட்டியும்

இத்துறையில் தமிழருக்கு இரண்டு பெரிய பாடசாலைகள் உண்டு. ஒன்று, காரைக்குடி. மலாயா, பர்மா, இலங்கை என்று வட்டித்தொழில் செய்த நகரத்தார், பெல்ஜியக் கண்ணாடியும் இத்தாலியச் சலவைக்கல்லும் ஐரோப்பிய இனாமல் பாத்திரங்களும் ஜப்பானியப் பீங்கானும் கொண்டுபோய் வீடுகளை நிரப்பினார்கள். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது அவை அடுக்கடுக்காகப் போயின. தொழில் சுருங்கியதும் வீடுகள் இடிக்கப்பட்டன, பங்கு பிரிக்கப்பட்டன. அந்தப் பொருள்கள் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. மலாயாவில் சம்பாதித்த காசில் வாங்கிய தட்டை இன்று மலேசியாவிலிருந்து போகும் சுற்றுப்பயணி விலைக்கு வாங்கி வருகிறார்.

இன்னொன்று, மலாக்காவின் காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டி. மலாய் பேசி, கெபாயா உடுத்தி, தமிழ்த் தெய்வங்களை வணங்கும் மலாக்கா செட்டிகள் நூற்றாண்டுகளாக இங்கே வாழ்கிறார்கள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. தங்கள் குடியிருப்பிலேயே சிறு அருங்காட்சியகம் வைத்து, வீட்டுச் சாமான்களையும் நகைகளையும் உடைகளையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் சிறிய சமூகம் அது. வீட்டுப் பொருள்களை ஒரே இடத்தில் சேர்த்துப் பெயர் எழுதி வைத்ததால் அவர்கள் யார் என்பதை உலகத்துக்குக் காட்ட முடிகிறது. தோட்டத் தமிழர்களாகிய நாம் எண்ணிக்கையில் பல மடங்கு பெரியவர்கள். நம்மிடம் அப்படி எத்தனை உண்டு?

சட்டம் தெரிந்திருக்க வேண்டும்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வச் சட்டம் உள்ளது. 100 ஆண்டுகளைக் கடந்த கலைப் பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அது தடை செய்கிறது. காரைக்குடியிலோ மதுரையிலோ வாங்கும்போது ‘நூறு வருஷத்துக்கு முந்தியது’ என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால், அதே பெருமை விமான நிலையத்தில் உங்களுக்குத் தொல்லையாகலாம். பொருளின் விவரம் எழுதிய ரசீது வாங்குங்கள். பழையதுபோல் தோன்றும் பொருளாக இருந்தால், அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெறலாம். சாமி சிலைகளைப் பொறுத்தவரை ஒரே விதி: ஆவணம் இல்லாததைத் தொடாதீர்கள். அது ஏதோ ஒரு கோயிலில் இருந்து திருடப்பட்டதாக இருக்கலாம்.

மலேசியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. நிலத்தைத் தோண்டும்போதோ ஆற்றோரத்திலோ மரபு மதிப்புள்ளதாகத் தோன்றும் பொருள் கிடைத்தால் மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும். நம் வீட்டில் வழிவழியாக வந்த சிமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய பொருள் வாங்கி விற்போருக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. வாசலில் வந்து விலை பேசுபவரிடம் உரிமத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

சுத்தம் செய்வதும் பாதுகாப்பதும்

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் காற்றிலும் பொருள்களிலும் உள்ள கந்தகம். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே. அதனால் வெள்ளிக் கரண்டிகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள், ரப்பர் விரிப்பின்மேல் வைக்காதீர்கள். நாளிதழிலும் சுற்ற வேண்டாம். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றிக் காற்றுப் புகாத பையில் வையுங்கள்.

துடைக்கத் திருநீறும் மெல்லிய துணியும் போதும் என்பது பாட்டிமார் முறை. அதையும் அழுத்தித் தேய்க்காமல் செய்ய வேண்டும். பற்பசை வேண்டாம், அது கீறும். முலாம் பூசிய பொருளை அதிகம் தேய்த்தால் முலாமே போய்விடும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் போட்டு ஊறவைக்கும் முறை கறுப்பை எடுத்துவிடும்தான். ஆனால் வேலைப்பாட்டின் பள்ளங்களில் அழகுக்காக விட்ட கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். கல் பதித்த பொருளுக்கு அந்த முறை கூடவே கூடாது.

பீங்கானையும் கண்ணாடியையும் இளஞ்சூட்டு நீரில், அடியில் ஒரு துண்டை விரித்து, ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். தங்கக் கோடு போட்டவற்றை இயந்திரத்தில் போடாதீர்கள். தட்டுகளை அடுக்கும்போது நடுவே துணியோ காகிதமோ வையுங்கள். உடைந்தால் துண்டுகளைத் தூக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள். கண்டபடி பசை போட்டு ஒட்டினால் பிறகு சரிசெய்வது கடினம்.

விற்பதானால்

விற்பது குற்றமில்லை. பணத்தேவை எல்லா வீட்டிலும் உண்டு. விற்கும்போது கவனிக்க வேண்டியவை இவை.

ஒரே ஆளிடம் விலை கேட்டு முடிக்காதீர்கள், குறைந்தது மூவரிடம் கேளுங்கள். ‘இன்றைக்கே கொடுத்தால்தான் இந்த விலை’ என்பவரிடம் நாளைக்கு வரச் சொல்லுங்கள். வெள்ளியை எடைக்கு மட்டும் விற்பது உருக்கும் விலை. வேலைப்பாட்டுக்கு அதில் ஒரு காசும் சேராது. ஒரு பொருளைக் கேட்டுவிட்டு அலமாரி முழுவதையும் மொத்தமாக விலை பேசுபவர், அதிலுள்ள ஒன்றைக் குறிவைத்திருக்கலாம். விற்கும் முன் மேல், அடி, பக்கம் எல்லாம் படம் எடுத்து வையுங்கள்.

செட்டைப் பிரிக்காதீர்கள். ஆறு கோப்பையும் ஆறு தட்டும் சேர்ந்திருந்தால் ஒரு விலை. அண்ணனுக்கு இரண்டு, தங்கைக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு என்று பங்கு போட்டபின் அந்த விலை யாருக்கும் வராது. பெற்றோர் காலமான பிறகு வெள்ளிக் குத்துவிளக்குக்காக உடன்பிறப்புகள் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அம்மா அப்பா இருக்கும்போதே எது யாருக்கு என்று அவர்கள் வாயால் சொல்ல வைத்து எழுதிக்கொள்வது நல்லது. விளக்கு ஒரு வீட்டில் இருக்கட்டும், தீபாவளிக்கு எல்லாரும் அந்த வீட்டில் கூடட்டும் என்று முடிவு செய்தாலும் சரி.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

சேகரிப்பு என்றால் பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டில் ஏற்கெனவே இருப்பதை அடையாளம் கண்டு எழுதி வைத்தாலே அது சேகரிப்புதான். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன பொருள், யாருடையது, எந்தத் தோட்டத்தில் இருந்தபோது வந்தது, யார் கொடுத்தது அல்லது எவ்வளவுக்கு வாங்கியது, என்ன காரியத்துக்குப் பயன்பட்டது, எங்கே உடைந்திருக்கிறது என்று எழுதுங்கள். கூடவே ஒரு படம் ஒட்டுங்கள். தெரியாததற்கு இடம் விட்டுவையுங்கள். அத்தையோ சித்தப்பாவோ வரும்போது கேட்டு நிரப்பலாம்.

தோட்டப் பெயர்களை மறக்காமல் எழுத வேண்டும். பல தோட்டங்களின் பெயர்ப் பலகையே இன்று இல்லை. ‘இந்த மங்கு இந்தத் தோட்டத்தில், இந்த டிவிஷனில், எங்கள் அம்மாவின் நிரையில் தொங்கியது’ என்ற ஒரு வரி இருந்தால், சாலையோரக் கடையில் கிடைக்கும் மற்ற மங்குகளிலிருந்து அது வேறாகிவிடும். டயானா கப்பல் தட்டுக்கு இருந்த சான்றைப் போலத்தான் இதுவும்.

லாபிஸ் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் நினைத்தால், பள்ளிக் கண்காட்சி நாளிலோ திருவிழா நாளிலோ ஒரு மேசை போட்டு இவற்றை வைக்கச் சொல்லலாம். பொருளைக் கொடுத்துவிட வேண்டியதில்லை, ஒரு நாள் இரவல் போதும். மேசையருகே மரம் வெட்டிய மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து, மங்கை எப்படிக் கட்டுவது, பால் எப்படி எடுப்பது என்று சொன்னால் பிள்ளைகள் நின்று கேட்பார்கள்.

அடுத்த முறை பழைய சாமான் லாரியின் ஒலிபெருக்கி கேட்கும்போது, வாசலுக்குப் போகும் முன் அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். தட்டைத் திருப்பி அடியைப் படியுங்கள், ரூபாயின் ஆண்டைப் பாருங்கள், பாட்டிலின் கோட்டைத் தடவுங்கள். அதன் பிறகு கொடுப்பதோ வைப்பதோ உங்கள் விருப்பம்.